மெல்லிய வாளை ஏன் சுண்டிப் பார்க்கிறார்கள்

அந்தக் காலத்தில் வாள்களுக்குப் பல் மட்டுமல்ல, பேச்சும் இருந்தது. போர்க்களத்து வாள்கள் அல்ல. மரம் அறுக்கும் வாள்கள். பல்லையே காலாக ஊன்றி அவை தாமாக நடந்தன, தாமாக அறுத்தன. ஆசாரி கோடு போட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அவை பட்ட கொடுமைகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லி மழுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலாவது, மழை. தூறல் விழுந்ததும் மனிதர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாள்களை ஈர மரத்தூளிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். துரு ஏறியது.

இரண்டாவது, அரம். துருப்பிடித்த பல்லைத் தீட்ட வந்தவர்கள் எந்தப் பல் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் முடித்தார்கள்.

மூன்றாவது, பழி. மரத்துக்குள் யாரோ எப்போதோ அடித்துவிட்டுப் போன ஆணியில் பட்டுப் பல் தெறித்தால், ஆணி அடித்தவனை யாரும் தேடவில்லை. வாள் மோசம் என்றார்கள்.

நான்காவது, பெயர். உத்தரம் மேலே ஏறியதும் வீடு வீட்டுக்காரன் பெயருக்குப் போனது. வேலை ஆசாரி பெயருக்குப் போனது. மரம்கூட அது விளைந்த மலையின் பெயரைச் சொல்லிக்கொண்டது. அறுத்த வாளின் பெயரை மட்டும் எவரும் எங்கும் உச்சரிக்கவில்லை.

ஐந்தாவது கொடுமையை மனிதர்கள் செய்யவில்லை. வாள்களே செய்தன. இந்தக் கதை அதைப் பற்றியது.

மலையடிவாரத்தில், ஆற்றில் மிதந்து வரும் மரத்தடிகள் கரையேறும் துறையில், ஓர் அறுப்புக் குழி இருந்தது. அங்கே வேலை செய்த வாள்களில் மூத்தவன் வெட்டும்பெருமாள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், ஒரு முழ அகலம். குழிக்கு மேல் கிடத்திய தேக்குத் தடியை நுனியிலிருந்து அடிவரை ஒரே நேர்கோட்டில் பிளந்துவிடுவான். கோணியது என்று அவன் அறுப்பை யாரும் சொன்னதில்லை. அதை அவனும் யாரையும் மறக்க விட்டதில்லை.

நான்காவது கொடுமை நடந்த பிறகு வாள்களை ஒன்றுசேர்த்தவன் அவன்தான். "இனி எவனுக்கும் பலகை கிடையாது" என்று குழியின் விளிம்பில் நின்று சொன்னான். "அறுத்தவன் பேரைச் சொல்லுத அன்னைக்குத்தான் அடுத்த மரம்." எல்லா வாள்களும் குழியைவிட்டு வெளியே வந்தன. துறையில் தூள் பறப்பது நின்றது. வீட்டுக்காரர்கள் வந்து மிரட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு தடிகளை மண்ணில் போட்டுக் கறையான் தின்ன விட்டார்கள். வாள்கள் அசையவில்லை.

மனிதர்கள் வாசிக்காத பெயரை நாமே வாசித்துக்கொள்வோம் என்று ஒரு வழக்கத்தையும் வெட்டும்பெருமாள் கொண்டுவந்தான். பொழுது சாயும் வேளையில் கூட்டம் கூடும். அவன் ஒவ்வொரு பெயராக வாசிப்பான். பெயருக்குரிய வாள் தன் உடம்பை ஒரு முறை அதிரவிட்டு 'இருக்கிறேன்' என்று காட்டும். அந்த ஓசை ஆற்றின் அக்கரை வரை கேட்கும். வேலையில்லாமல் துருவேறிக் கிடந்த வாள்களுக்கு அந்த ஒரு நொடிதான் சோறு.

கூட்டத்துக்கு ஒரு விதியும் இருந்தது. ஒரு தடியை நுனி முதல் அடிவரை தனியாக நேரே அறுத்தவர்தான் வாள். மற்றவருக்குப் பெயர் வாசிப்பு கிடையாது. யாரோ ஒருவன் தன்னிச்சையாகப் போட்ட விதி இல்லை அது. எல்லோரும் கை தட்டி ஏற்றுக்கொண்டது.

அப்படி இருக்கையில்தான் அவள் வந்தாள். ஒரு பெரிய வாளை அடித்து முடித்த கொல்லன், கடைசியில் நறுக்கித் தள்ளிய ஓரத்தை வீணாக்காமல் இழுத்து, தட்டி, பல் வைத்து உண்டாக்கியவள். பனையோலை ஈர்க்கு அளவுதான் அகலம். பல்லோ எறும்பின் பல். தனியாக நிற்க அவளால் முடியாது, காற்றடித்தால் வளைவாள். அடுக்கி வைத்த மரக்கட்டைகளில் சாய்ந்து சாய்ந்துதான் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வாசிப்பு முடிந்து எல்லோரும் கலைகிற சத்தத்தில் வெட்டும்பெருமாள் அருகே போனாள்.

"அண்ணாச்சி, என் பேரையும் சேத்துக்கிடணும்."

"நீ யாரு தாயி?"

"நானும் வாள்தான்."

வெட்டும்பெருமாள் குனிந்து பார்த்தான். "வாளா? கம்பின்னுல்லா நெனைச்சேன். பேரு என்ன?"

அவள் பெயரைச் சொன்னாள். கொல்லனின் பெண்டாட்டி வைத்த பெயர். சுற்றிலும் இரைச்சலாக இருந்ததால் அது வெட்டும்பெருமாள் காதில் மட்டும்தான் விழுந்தது.

"பேரு உன்னைவிட நீளமால்லா இருக்கு" என்று சிரித்தான். "சரி. நேரா ஒரு தடி அறுப்பியா?"

"நேரா அறுத்தா எனக்குக் கோடு விலகும் அண்ணாச்சி. வளைச்சு அறுப்பேன். ரெண்டு பேரு என்னை ரெண்டு முனையிலயும் இழுத்துப் பிடிச்சா, சின்ன வட்டம்கூடக் கோடு பிசகாம அறுப்பேன்."

"பிடிச்சாத்தான் நிப்பியோ?"

"ஆமா."

"இங்க நிக்கது அம்புட்டும் ஒத்தையில நிக்கிறவங்க. நாளைக்கு ஆளுங்க அடிக்க வந்தா உன்னை யாரு பிடிச்சுக்கிட்டு நிப்பா? போ தாயி. தடி அறுத்துட்டு வா."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வருத்தம். கூட்டத்தைக் கட்டிக் காக்க வேண்டும், பலவீனத்தை உள்ளே விட்டால் மொத்தமும் முறியும் என்று மனதார நம்பினான். மனதார நம்பிச் செய்கிற அநியாயத்தைப் போலப் பிடிவாதமானது வேறில்லை.

அவள் போகவில்லை. தினமும் கூட்டத்தின் ஓரத்தில் கட்டைகளில் சாய்ந்து நிற்பாள். கடைசிப் பெயர் வாசித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள், இன்னொரு பெயர் மிச்சம் இருப்பதுபோல. மற்ற வாள்கள் அவளைக் கம்பி என்றே கூப்பிட்டன. "என்ன கம்பி, துணி காயப்போடவா வந்தே?" என்று ஒருவன் கேட்பான். "இல்ல, உங்க வாய் நாத்தம் காயட்டும்னு வந்தேன்" என்பாள். சிரிப்பார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் மழை பொய்த்து ஆறும் வறண்டது. பக்கத்து ஊருக்கு இருந்தது ஒரே கிணறு. கயிறு ஓடும் அதன் மர உருளை விரிசல்விட்டுப் பிளந்தது. வாள்கள் வேலை நிறுத்தியிருந்ததால் கோடாலியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி ஓர் உருளை செய்து மாட்டினார்கள். அது வட்டமாக இல்லை. சுற்றும்போது கயிறு துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது. நிறைந்த தோண்டி பாதியில் கிணற்றுக்குள் போனது. கயிற்றைப் பிடித்து நின்றவர்களையும் இழுத்தது.

பேச்சித்தாய் என்ற பெண் அந்த ஊரிலிருந்து துறைக்கு வந்தாள். ஊருக்காகப் பேச அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். வந்தவள் கும்பிடவில்லை, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கயிறு அறுத்த கோடுகள் சிவந்து கிடந்தன.

"உங்களுக்கு எங்க மேல கோவம் இருக்கும். இருக்கட்டும். என்ன வேணும் சொல்லுங்க."

"பேரு" என்றான் வெட்டும்பெருமாள். "உருளையை அறுத்துத் தாரோம். தண்ணி வந்ததும் கிணத்தடியில ஊர்க்காரங்க எல்லாரையும் நிறுத்தி வச்சு, சாட்சியோட எங்க பேரை வாசிக்கணும். அன்னையிலேருந்து எந்த மரம் அறுத்தாலும் அறுத்தவங்க பேரைச் சொல்லணும்."

"இம்புட்டுத்தானா?" என்றாள் பேச்சித்தாய். "இதைக் கேட்டிருந்தா என் கை இப்படிக் கிழிஞ்சிருக்காதே."

"கேட்டோம். உங்க ஊருல யாரும் திரும்பிப் பாக்கல."

அவள் சம்மதித்துத் தலையசைத்தாள். ஒப்பந்தம் அப்படி முடிந்தது.

மரம்தான் கையிருப்பில் இல்லை. அறுப்பு நின்றுபோன துறையில் உலர்ந்த பலகை ஏது? துறையின் தச்சரான தளவாய் ஆசாரியின் பரணில் மட்டும் ஒரே ஒரு வாகைப் பலகை கிடந்தது. இதைக் கெடுத்தால் வேறு இல்லை. ஆசாரி அதன் மேல் நூல் கட்டி வட்டம் போட்டார். வெளிவட்டம் பெரியது. உள்ளே பாரம் குறைய அரைநிலா வடிவில் நான்கு ஓட்டைகள். நட்டநடுவே அச்சு நுழைய ஒரு சிறு வட்டம். அது கொஞ்சம் பிசகினாலும் உருளை நொண்டும். கயிறு மறுபடி துள்ளும்.

"நான் அறுக்கேன்" என்றான் வெட்டும்பெருமாள்.

"முதல்ல கழிவுக் கட்டையில பாரும்" என்றார் தளவாய் ஆசாரி.

பார்த்தான். கோடு வளைந்த இடத்தில் அவன் அகலமான முதுகு திரும்பவில்லை. அறுத்த தடத்தின் இரு பக்கமும் அவனைக் கவ்விக்கொண்டது. பலமாகத் திருகினான். மரம் புகைந்து கருகியது. வெளியே வந்த துண்டைத் தூக்கிப் பார்த்தபோது அதில் வட்டம் இல்லை. பல மூலைகள் இருந்தன.

"தடத்துக்குள்ள திரும்ப இடம் வேணும்வே" என்றார் ஆசாரி. "நீரு அகலம். நேரா போறதுக்கு அந்த அகலம்தான் உமக்குப் பலம். வளைவுல அதுவே வெனை."

அடுத்து நல்லமாடன் வந்தான். வெட்டும்பெருமாளின் கூட்டாளி, இரண்டு விரல் அகலமுள்ள நடுத்தர வாள், வில்போன்ற மரச் சட்டத்தில் பூட்டியவன். அவன் பலகையின் வெளிவட்டத்தை நிதானமாகச் சுற்றி வந்தான். பெரிய வளைவு அவனுக்கு இடம் கொடுத்தது. வழவழப்பு போதாவிட்டாலும் கோடு பிசகவில்லை. உள்ளே வரைந்திருந்த அரைநிலாக்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நமக்கு இது ஆகாதுவே. ஆசாரி துரப்பணத்தால போடுத ஓட்டைக்குள்ள நான் நுழையவே மாட்டேன்."

ஒவ்வொரு வாளாகத் திரும்பி, கட்டைகளில் சாய்ந்து நின்றவளைப் பார்த்தது.

வெட்டும்பெருமாள் கடைசியாகப் பார்த்தான். "கம்பி, வா" என்றான்.

அவள் வந்தாள். பலகையைச் சுற்றிப் பார்த்தாள். ஓட்டைகளின் அளவையும் மரத்தின் கனத்தையும் கண்ணால் எடுத்தாள்.

"அறுப்பேன். மூணு விசயம். பல்லு கீழ பாத்து இருக்கணும். ரெண்டு முனையையும் தொய்வில்லாம இழுத்துப் பிடிக்கணும். தொய்ஞ்சா நான் அலைவேன். திருப்பத்துல மரத்தை அழுத்தக்கூடாது. நான் நின்ன இடத்துல மேலயும் கீழயும் ஓடிக்கிட்டிருப்பேன், ஆசாரி மெதுவா மரத்தைத் திருப்பணும்."

"சரி" என்றார் ஆசாரி.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு. ஓட்டைக்குள்ள போறதுக்கு முன்னால கூட்டத்துல என் பேரை வாசிச்சிருங்க."

வெட்டும்பெருமாள் வாய் திறந்தான். அந்த நேரத்தில் வாசித்திருக்கலாம். எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். ஆனால் விதி அவன் முன்வைத்தது. ஒருத்திக்காக இன்றைக்குத் தளர்த்தினால் நாளைக்கு யார் யார் வருவார்களோ. அதோடு, பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு ஈர்க்குச்சியிடம் தோற்பதா?

"வேலை முடியட்டும். முதல்ல வேலை, பெறவு பேரு."

நல்லமாடன் தலையைத் தூக்கினான். "இதே வார்த்தையை வீட்டுக்காரங்கதான நம்மகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க?"

"நீ சும்மா இரு."

அவள் பேச்சித்தாயின் கைகளைப் பார்த்தாள். "சரி, பெறவுதான்" என்றாள்.

ஆசாரி ஓட்டை போட்டார். அவள் அதற்குள் நூல்போல நுழைந்தாள். கீழ் முனையை நல்லமாடன் பிடித்தான், மேல் முனையை வெட்டும்பெருமாள் பிடித்தான். இழுத்துக் கட்டியதும் அதுவரை வளைந்து நெளிந்தவள் நிமிர்ந்தாள். அப்படி நேராக அவள் நின்று அவர்கள் பார்த்ததில்லை.

நடு வட்டத்தை முதலில் அறுத்தாள். ஆசாரியின் கை திரும்பத் திரும்ப, கரிக்கோட்டின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டே போனாள். தூள் மாவுபோல விழுந்தது. வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தது. விழுந்த சக்கையை எடுத்து ஆசாரி அதே ஓட்டையில் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தியது. இழைப்புளியால் சீவ வேண்டாம், அறுத்த முகம் தானே பளபளத்தது.

"ஏம்மா, இவ்வளவு நாளும் நீ எங்க இருந்தே?" என்றார் ஆசாரி.

"இங்கதான்."

ஓர் அரைநிலா, இரண்டு, மூன்று. அதற்குள் ஊரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெறும் தோண்டிகளோடு வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒருவர், "இன்னுமா முடியல? இதுக்குத்தான் இந்த வீறாப்பா?" என்றார்.

வெட்டும்பெருமாளுக்கு முகம் சுட்டது. வேலையை விரைவுபடுத்த அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி: முன்னால் தள்ளுவது. வாழ்நாள் முழுக்க தடிகளில் அதைத்தான் செய்தான், அது எப்போதும் பலித்தது. நான்காவது அரைநிலாவின் கடைசி மூலை. அவள் நின்ற இடத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள். ஆசாரி மரத்தை இம்மியளவாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வெட்டும்பெருமாள் பலகையில் தோளை வைத்தான்.

"அழுத்தாதீங்க அண்ணாச்சி. இது திருப்பம்."

"கொஞ்சந்தான இருக்கு."

"கொஞ்சம் இருக்குங்கதனாலதான் சொல்லுதேன்."

அவன் தள்ளினான்.

அவள் பின்னோக்கி வளைந்தாள். தடத்தைவிட்டு வெளியே போயிருந்தால் பிழைத்திருப்பாள், பலகை கெட்டிருக்கும். அவள் கோட்டிலேயே நின்றாள். 'டிங்' என்று ஒரு சிறு ஓசை. அவ்வளவுதான். வெட்டும்பெருமாள் கையில் ஒரு பாதி, நல்லமாடன் கையில் ஒரு பாதி.

சக்கை ஒரு நாரில் தொங்கியது. ஆசாரி விரலால் தட்டினார். விழுந்தது. மூலை சுத்தமாக இருந்தது.

ஊர்க்காரர்களுக்கு நடந்தது தெரியவில்லை. உருளை முடிந்ததென்று தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்கள்.

உருளை சுற்றியது. கயிறு துள்ளவில்லை. தோண்டி தளும்பாமல் மேலே வந்தது. குழந்தைகள் முதலில் குடித்தார்கள். பேச்சித்தாய் சொன்ன சொல் தவறவில்லை. ஊரையே கிணற்றைச் சுற்றி நிறுத்தினாள். வாள்கள் அனைத்தும் எதிரே நின்றன. ஆசாரி சொல்லச் சொல்ல அவள் உரக்க வாசித்தாள். வெட்டும்பெருமாள் என்றாள், அவன் அதிர்ந்தான். நல்லமாடன் என்றாள்; அவனும் அதிர்ந்தான். ஒவ்வொரு பெயராக எல்லாம் வந்தது. இத்தனை காலமும் கேட்டது கிடைத்துவிட்டது. ஒருவர் முகத்திலும் அதற்கான களை இல்லை.

பேச்சித்தாய் உருளையின் நடு வட்டத்துக்குள் கட்டைவிரலைவிட்டுத் தடவினாள். "இந்த வட்டத்தை அறுத்தது யாரு?"

வாள்கள் தரையைப் பார்த்தன.

"உங்ககிட்டதான் கேக்கேன். இதை அறுத்தவங்க பேரை நான் இன்னும் வாசிக்கலியே?"

"கம்பின்னு ஒருத்தி" என்றான் நல்லமாடன் மெதுவாக.

"கம்பிங்கது ஒரு பேரா? அவளுக்கு வச்ச பேரு என்ன?"

வாள்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எத்தனையோ நாள் ஒரே துறையில் நின்றவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கொடுமைகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்தில் சாய்ந்து நின்றவளின் பெயர் தெரியவில்லை.

வெட்டும்பெருமாளுக்குத் தெரியும். அவன் மட்டும் சொல்லாவிட்டால் அது உலகத்தில் இல்லை. சொன்னால், கேட்டுவிட்டுச் சிரித்தவன் அவன்தான் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். வெற்றி நாளில் தலைவன் தலைகுனிவதா என்று அவனுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் வீட்டுக்காரர்களின் குரலாக இருந்தது.

அவன் கூட்டத்தைவிட்டு விலகி, கிணற்றின் மேடையில் ஏறினான். கையில் அவளுடைய பாதி இருந்தது.

"நான் வாசிக்கேன்" என்றான். "இவ என்கிட்டதான் சொன்னா. ஓட்டைக்குள்ள போறதுக்கு முன்னால வாசிக்கச் சொல்லிக் கேட்டா. நான் வாசிக்கல. திருப்பத்துல அழுத்தாதன்னு சொன்னா. நான் அழுத்தினேன்."

பிறகு வாசித்தான். வழக்கப்படி எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதிர்வு வரவில்லை. வெயில் இறங்கியது. தோண்டிகளை இடுப்பில் வைத்தவர்களும் கலையாமல் நின்றார்கள். கடைசியில் வெட்டும்பெருமாள், "அவ பதில் சொல்லுத வரைக்கும் நாங்களும் பேசமாட்டோம்" என்றான். அவன் நடத்திய கடைசி வேலைநிறுத்தம் அது. மற்ற வாள்கள் சம்மதித்து வாயை மூடிக்கொண்டன. இன்னும் அது முடியவில்லை.

வாள்கள் ஊமையாகி, பிடித்து இழுத்தால் மட்டும் அசைவது அந்தப் பொழுதிலிருந்துதான். நேர்கோட்டுக்கு அகல வாள், பெரிய வளைவுக்கு நடுத்தர வாள், சிறு வட்டத்துக்கு மெல்லிய வாள் என்று ஆசாரிகள் பிரித்து வைப்பதும், ஆளைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து வாளைத் தேர்ந்தெடுப்பதும், வளைவில் அவசரப்படாமல் மரத்தைத் திருப்புவதும் அதற்குப் பிறகு வந்தவைதான். மெல்லிய வாளை இழுத்துப் பூட்டியதும் அவர்கள் விரலால் ஒரு முறை சுண்டிவிட்டுக் காதைக் கொடுக்கிறார்கள். தெளிவாக ஓசை வந்தால்தான் மரத்தைத் தொடவிடுகிறார்கள். தொய்வு இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்கள். அவர்கள் கூப்பிடுவது, அன்று கிணற்றடியில் ஊரும் கூட்டமும் சாட்சியாக நிற்க, உடைந்த பாதியைத் தூக்கிப் பிடித்து வெட்டும்பெருமாள் உரக்க வாசித்த அந்தப் பெயரைத்தான்:

"தையல்நாயகி."